வொண்டர் வுமனுக்கு அங்கே என்ன வேலை?

அக்கா மகள் கபடி ஆடுகிறவள். பள்ளி அணியில் ரெய்டு போவது அவள்தான். போன கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தாள். ஒரு மதியம் நான் கணினியில் பழைய அட்டைப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மாமா, இவ ஏறுறாளா இறங்குறாளா?”

அது 2014-இல் அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான மார்வெல் அறிவித்த ஸ்பைடர்-வுமன் முதல் இதழின் மாற்று அட்டை. இத்தாலிய ஓவியர் மிலோ மனாரா வரைந்தது. உயரமான கட்டடம் ஒன்றின் மொட்டைமாடி விளிம்பில் அவள் தவழ்ந்து ஏறுகிறாள். தலை தாழ்ந்திருக்கிறது. இடுப்புக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வானத்தைப் பார்த்துத் தூக்கியிருக்கிறது. போட்டிருக்கும் சிவப்பு உடை துணி மாதிரியே இல்லை, உடம்பில் பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கிறது. எங்கும் ஒரு மடிப்பு கிடையாது.

ஏறுகிறாள் என்றேன். நம்பவில்லை. கூடத்து மொசைக் தரையில் அப்படியே குப்புறப் படுத்து, முழங்காலை மடித்து, முதுகை வளைத்துச் செய்து பார்த்தாள். “வெயிட்டு பூரா கைக்கு வருது மாமா. இன்னும் கொஞ்சம் தூக்குனா மூக்குதான் தரையில இடிக்கும்.” எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பவும் திரையைப் பார்த்தாள். “ரெய்டு போறப்ப நாங்களும் குனிஞ்சுதான் போவோம். ஆனா கண்ணு எதிராளி காலு மேல இருக்கும். இவ எதைப் பாக்குறா?”

சமையலறையிலிருந்து அக்கா, “தரையில என்னடி பண்ற?” என்று கேட்டபடி வரும் சத்தம் கேட்டது. நான் சட்டென்று வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். ஆபாசப் படம் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கடையில் எல்லோருக்கும் விற்ற ஒரு காமிக்ஸின் அட்டை அது. இருந்தும் கை தானாக ஓடியது. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் கைதான்.

ஸ்பைடர்-வுமன் என்கிற ஜெசிகா ட்ரூ 1977-இல் பிறந்த பாத்திரம். அவளுக்கெனப் புதிய தொடர் ஒன்று 2014 நவம்பரில் தொடங்கும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். பெண் வாசகர்களும் எடுத்துப் படிக்கிற மாதிரிப் பெண் நாயகிகளை முன்னால் கொண்டுவருகிறோம் என்று மார்வெல் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்தப் பேச்சின் ஈரம் காய்வதற்குள், ஆகஸ்டில் மனாராவின் அட்டை வெளியே வந்தது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதினார்கள்.

ஆதரவாகப் பேசியவர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, ஸ்பைடர்-மேனும் இப்படித்தானே சுவரில் தொற்றிக்கொண்டு இருக்கிறான், அவன் இடுப்பைத் தூக்கியபோது எங்கே போனீர்கள் என்று பழைய படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். முதல் பார்வைக்கு நியாயம்தான். அருகில் வைத்துப் பார்த்தால் ஸ்பைடர்-மேனின் உடம்பு வில் மாதிரி இழுபட்டிருக்கும். அடுத்த கணம் எந்தப் பக்கம் பாய்வான் என்று நம்மால் சொல்லிவிட முடியும். மனாராவின் பெண் எங்கும் பாயப் போவதில்லை. அங்கேயே இருக்கப் போகிறாள், நாம் பார்த்து முடிக்கும்வரை.

இரண்டாவது வாதத்துக்குத்தான் எனக்கு இன்றைக்கும் பதில் இல்லை. மனாராவைக் கூப்பிட்டால் மனாராதானே வரைவார்? 1945-இல் பிறந்தவர், வாழ்நாள் முழுக்கக் காமக் கதைகளை வரைந்து உலகப் புகழ் வாங்கியவர். எக்ஸ்-மென் என்கிற சூப்பர் ஹீரோ கூட்டத்தின் பெண்களை மட்டும் வைத்து மார்வெலுக்காக ஏற்கெனவே ஒரு புத்தகமே வரைந்து கொடுத்திருந்தார். ஆள் தெரியாமல் அழைத்தோம் என்று சொல்ல வழியில்லை. பிரியாணி மாஸ்டரைப் பந்திக்கு வரவழைத்துவிட்டு, இலையில் கறி விழுந்ததும் அவரை முறைத்தால் எப்படி? அப்போதைய தலைமை எடிட்டர் ஆக்ஸல் அலோன்சோ, இந்த அட்டை குழப்பமான செய்தியைத் தந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். என்னைக் கேட்டால் குழப்பம் படத்தில் இல்லை, வரையக் கொடுத்த இடத்தில் இருந்தது. புதிய வாசகியும் வேண்டும், பழைய சேகரிப்பாளரும் வேண்டும். உள்ளே கதை அவளுக்கு, வெளியே அட்டை இவருக்கு.

இந்த மாற்று அட்டை வியாபாரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே இதழ், ஒரே கதை, அட்டை மட்டும் வேறு. சில மாற்று அட்டைகள் கடைக்காரர் சாதாரணப் பிரதிகள் 25, 50 என்று எடுத்தால்தான் ஒன்று கிடைக்கும். அதனால் அதற்கு விலை ஏறும். வாங்குகிறவர்களில் பலர் உள்ளே பிரித்தே பார்ப்பதில்லை, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். கதையில் நாயகி செத்தாளா பிழைத்தாளா என்பது அந்த அட்டைக்கு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து வந்தவர் ஃபிராங்க் சோ. சியோலில் பிறந்து, சின்ன வயதில் அமெரிக்காவுக்குப் போய், மேரிலாந்தில் வளர்ந்தவர். நர்சிங் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பேனாவைத் தொட்டால் மனுஷன் மாயம் செய்வார். டைனோசர், குரங்கு, பெண் மூன்றையும் அவரைப் போல வரைய ஆள் குறைவு. அவர் பெண்கள் குச்சி மாதிரி இருக்க மாட்டார்கள், தொடையும் தோளும் உள்ளவர்கள், தரையில் கால் பதித்து நிற்பார்கள். எனக்கு அவர் கோடு பிடிக்கும். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

2015-இல் அவர், மார்வெலின் இன்னொரு சிலந்தி நாயகியான ஸ்பைடர்-க்வென் இதழின் வெற்று அட்டை (ஓவியர்கள் கையால் வரைந்து கொடுப்பதற்காகப் படமில்லாமல் விடுவது) ஒன்றில், மனாராவின் அதே தவழும் நிலையில் க்வெனை வரைந்து போட்டார். வேண்டுமென்றே செய்த சீண்டல். க்வென் பதின்ம வயதுப் பெண். அந்தத் தொடரை வரைந்துகொண்டிருந்த ராபி ரோட்ரிகெஸ் பகிரங்கமாகக் கோபப்பட்டார். சோ பின்வாங்கவில்லை. கோபத்தையே ஒரு வரிசையாக்கி, ஒவ்வொரு நாயகியாக வரைந்து, பக்கத்தில் ஒரு பாத்திரம் ‘அநியாயம்’ என்று அலறுவது போலப் போட ஆரம்பித்தார். அவருடைய ரசிகர்கள் கைதட்டினார்கள். எனக்கு முதல் படத்துக்குச் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் வரவில்லை.

இப்படிப் பெயர் வாங்கிய ஆளிடம்தான் 2016-இல் மார்வெலின் போட்டியாளரான டிசி நிறுவனம், தன் புகழ்பெற்ற நாயகி வொண்டர் வுமனின் மாற்று அட்டைகளைக் கொடுத்தது. மாதம் இரண்டு இதழ், ஒரு வருடத்துக்கு 24 அட்டை. உள்ளே கதை எழுதியவர் கிரெக் ருக்கா. வொண்டர் வுமனை 2002-லிருந்து நான்கைந்து வருடம் எழுதிவிட்டுப் போனவர், மறுபடி வந்திருந்தார். ஒற்றைப்படை இதழ்களை லியாம் ஷார்ப்பும் இரட்டைப்படை இதழ்களை நிக்கோலா ஸ்காட்டும் வரைந்தார்கள். ரசிகர்கள் இதையும் விடவில்லை. உள்ளே அவளுடைய தொடக்கக் கதையை அத்தனை மரியாதையாக ஸ்காட் வரைகிறார், மேலே இந்த ஆளா என்று ஒரு தரப்பு. அட்டைதானே, வேண்டாதவர் வேறு அட்டையை வாங்கிக்கொள்ளட்டும் என்று இன்னொரு தரப்பு.

ஆறு அட்டையோடு சோ வெளியேறினார். ஜூலையில் விஷயம் வெளியே வந்தது. மாற்று அட்டைகள் வழக்கமாக எழுத்தாளர் மேசைக்குப் போவதில்லை. ருக்காவுக்கு மட்டும் அவற்றைப் பார்த்து மாற்றச் சொல்லும் அதிகாரம் ஒப்பந்தத்திலேயே இருந்திருக்கிறது. மூன்றாம் இதழின் அட்டையில் பாவாடைக்குக் கீழே உள்ளாடை தெரிகிறது என்று படத்தை வெட்டிப் போட்டார்கள் என்பது சோவின் புகார். இது தணிக்கை என்றார்.

அவருக்கு அந்தச் சொல் ஏன் அத்தனை சீக்கிரம் வாயில் வந்தது என்பதற்கும் கதை உண்டு. லிபர்ட்டி மெடோஸ் என்று நாளிதழ்களில் ஒரு நகைச்சுவைத் தொடர் வரைந்துகொண்டிருந்தார். எடிட்டர்கள் தினம் ஒரு வெட்டு வெட்டி, வெறுத்துப்போய் 2001 கடைசியில் நாளிதழ்களை விட்டே விலகியவர். சூடு கண்ட பூனை. அந்த வலி எனக்குப் புரிகிறது. ஒரு பத்திரிகை என் கட்டுரைத் தலைப்பை மாற்றிப் போட்டதற்கு நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறேன். ஆனால் அதை நான் தணிக்கை என்று சொல்லவில்லை. பத்திரிகை அவர்களுடையது. வொண்டர் வுமனும் சோவுடையவள் அல்ல, ருக்காவுடையவளும் அல்ல. நிறுவனத்தின் சொத்து. யார் சொல்வது செல்லும் என்று நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தது, அவ்வளவுதான்.

சரி, உள்ளாடை தெரிந்ததுதான் பிரச்சினையா? அங்கேதான் நான் இரண்டு கட்சியோடும் முரண்படுகிறேன்.

வொண்டர் வுமனை ஒழுக்கத்தின் சிலையாக வைத்துப் பேசுகிறவர்கள் 1940களின் இதழ்களைப் புரட்டியதில்லை. 1941-இல் அவளை உருவாக்கிய வில்லியம் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர், பொய் கண்டுபிடிக்கும் கருவிக்கு அடிப்படையான ரத்த அழுத்தச் சோதனையை வகுத்தவர். அவர் கதைகளில் கட்டிப்போடாத இதழே கிடையாது. சங்கிலி, கயிறு, கூண்டு, கண்கட்டு. ஓர் ஆண் அவள் கைவளையங்களைச் சங்கிலியால் பிணைத்துவிட்டால் பலம் முழுக்கப் போய்விடும் என்று விதியே வைத்திருந்தார். குழந்தைகள் வாசிப்பு பற்றி ஆலோசனை சொல்லிவந்த ஜோசெட் ஃபிராங்க், 1943-லேயே அந்தச் சங்கிலிகளையும் அவள் உடையின் குறைவையும் கண்டித்துப் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். ஆக இந்தச் சண்டைக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

வரைந்தவர் ஹாரி பீட்டர். முதல் கதையை வரையும்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. பெண்களின் வாக்குரிமைக்காகக் கேலிச்சித்திரங்கள் வெளியிட்ட ஜட்ஜ் பத்திரிகையில் வரைந்து பழகிய கை. அவர் கோடு கொஞ்சம் விறைப்பு, பழைய நாள் வாசனை அடிக்கும். சென்சேஷன் காமிக்ஸ் முதல் இதழின் அட்டையைப் பாருங்கள். பின்னால் வாஷிங்டன் கேபிடல் கட்டடத்தின் குவிமாடம். துப்பாக்கிக்காரர்கள் சுடுகிறார்கள். அவள் ஓட்டத்தில் இருக்கிறாள், கைவளையத்தில் தோட்டா பட்டுத் தெறிக்கிறது. உடை சின்னதுதான், தோளும் காலும் வெறுமைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நம்மைக் கவனிக்க நேரமில்லை. உள்ளே சங்கிலியில் கிடக்கும்போதுகூட எப்படி அறுப்பது என்கிற யோசனை முகத்தில் இருக்கும். நாலு கட்டத்துக்குள் அறுத்தும்விடுவாள்.

அவளுக்கு வேலை இருக்கிறது. எனக்கு அளவுகோல் அது ஒன்றுதான்.

துணியின் அளவை வைத்து அளந்தால் தப்பாகப் போகும் என்பதற்கு, பேட்மேன் உலகத்து நாயகி பேட்கேர்ளின் 2015 அட்டை சாட்சி. பிரேசில் ஓவியர் ரஃபேல் அல்புகெர்க்கே வரைந்தது. பேட்கேர்ள் தலைமுதல் இடுப்புவரை மூடியிருக்கிறாள், தோல் தெரிவதே முகத்தில் பாதிதான். வில்லன் ஜோக்கர் அவள் தோளில் கை போட்டு நிற்கிறான், கையில் துப்பாக்கி. அவள் கண்ணில் நீர், உதட்டில் சிவப்புச் சாயம் அவன் சிரிப்பைப் போலவே இழுத்துப் பூசியிருக்கிறது. 1988-இல் அவளை ஜோக்கர் சுட்டு முடமாக்கிய கதையை நினைவுபடுத்தும் படம். அந்தச் சமயம் தொடரில் அவள் பைக் ஓட்டிக்கொண்டு, நண்பர்களோடு கும்மாளமாக இருந்தாள். அல்புகெர்க்கேவே அந்த அட்டையை விலக்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்டார், டிசி விலக்கியது. அதையும் தணிக்கை என்றுதான் பலர் கூவினார்கள். வரைந்தவரே வேண்டாம் என்ற பிறகு யாருடைய சுதந்திரத்துக்காகச் சண்டை போட்டார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது கசப்பானது. 1994-இல் மைக் டியோடாட்டோ வொண்டர் வுமனை வரைய வந்தார். அவரும் பிரேசில்காரர். உடை கயிறு மாதிரி மெலிந்தது, இடுப்பு முறிந்தது மாதிரி வளைந்தது. இதழ் விற்றது, நன்றாகவே விற்றது. பிகினி சிறுக்கச் சிறுக்க விற்பனை ஏறியது என்று அவரே பின்னால் ஒரு பேட்டியில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இந்தப் பேச்சில் ‘ரசிகர்கள்’ என்று பொதுவாகச் சொல்லித் தப்ப முடியாது. காசு கொடுத்து வாங்கியதும் ரசிகர்கள்தான். வொண்டர் வுமன் காமிக்ஸை ஒரு பெண் வரைந்ததென்றால், அது முதன்முதலாக 1986-இல், நாலே இதழ் கொண்ட குறுந்தொடரில், டிரினா ராபின்ஸ். நாற்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது.

நம் ஊர்க் காமிக்ஸ் வாசகர்களுக்கு இந்த விவகாரம் புதிதல்ல, பெயர்தான் வேறு. 1984-இல் தமிழில் வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழே, பிரிட்டிஷ் சாகசத் தொடரின் நாயகி மாடஸ்டி பிளைசிதான். வீட்டில் பெண்ணை நாயகியாகப் பார்த்துப் பழகாத பையன்கள் நாங்கள், சிவகாசியிலிருந்து வந்த அந்தப் புத்தகத்தில்தான் முதன்முதலாக ஒரு பெண் அடித்து ஆண்கள் விழுவதைப் பார்த்தோம். அவளை நன்றாக வரைந்தது யார் என்று எனக்கும் என் பழைய நண்பனுக்கும் இன்றைக்கும் தகராறு: ஜிம் ஹோல்டவேயா, ரொமேரோவா? ஹோல்டவே 1970-இல் ஒரு கதையின் பாதியில் இறந்துபோனார், ஸ்பெயின்காரர் ரொமேரோ அந்தக் கதையைத் தொடர்ந்து வரைந்தார். ரொமேரோவின் மாடஸ்டி அழகி, ஹோல்டவேயின் மாடஸ்டி ஆபத்தானவள் என்பது என் கட்சி. நண்பன் ஒத்துக்கொள்ள மாட்டான். டீ ஆறிப்போகும்வரை பேசுவான்.

மாடஸ்டியிடம் ஒரு உத்தி உண்டு. அறைக்குள் எதிரிகள் ஆயுதத்தோடு நிற்கும்போது, மேலாடையைக் கழற்றிவிட்டு நிதானமாக உள்ளே நடந்து வருவாள். ஓரிரு நொடி எல்லோரும் சிலையாகிவிடுவார்கள். அந்த ஓரிரு நொடி அவளுக்கும் அவள் கூட்டாளி வில்லி கார்வினுக்கும் போதும். அவளை உருவாக்கிய எழுத்தாளர் பீட்டர் ஓ’டானல் யோசித்து வைத்த இந்த உத்தியை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மனாராவின் அட்டையைவிட இங்கே துணி குறைவு. ஆனால் வெறித்துப் பார்க்கிறவன்தான் இங்கே அடிவாங்குகிறான். வாசகனும் ஒரு நொடி வெறித்துவிட்டு, தானும் மாட்டிக்கொண்டதை உணர்வான். அவள் உடம்பு அவளுக்கு வேலை செய்கிறது.

2016-இல் வொண்டர் வுமனுக்கு எழுபத்தைந்து வயது. ஐக்கிய நாடுகள் சபை அக்டோபரில் அவளைப் பெண்களின் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதராக அறிவித்தது. விழா நடந்த இடத்திலேயே சபை ஊழியர்கள் சிலர் முதுகைக் காட்டி நின்றார்கள். ஒரு கார்ட்டூன் கவர்ச்சிப் பதுமையா எங்களுக்குத் தூதர் என்பது அவர்கள் கேள்வி. டிசம்பரில் அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது. பாவம், அதே வருடத்தில் ஒரு கூட்டம் அவளை அதிகமாக மூடுகிறார்கள் என்று கத்தியது, இன்னொரு கூட்டம் போதவில்லை என்று திரும்பி நின்றது. ஊழியர்களின் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் காரணம் உடை அல்ல. ரத்தமும் சதையுமாக எத்தனையோ பெண்கள் இருக்கும்போது அந்த நாற்காலியில் கற்பனைப் பெண்ணுக்கு என்ன வேலை?

சோ விட்டுப்போன அட்டைகளை ஜென்னி ஃபிரிசன் எடுத்துக்கொண்டார். எண்ணெய் வண்ணம் போல அடர்ந்த நிறம், பாதி நிழலில் முகம். அதே உடை, அதே வெறும் தோள்தான். முகத்தைப் பார்த்தால் அவள் எதையோ தீர்மானித்துவிட்டவள் என்று தெரியும். சோவின் அட்டைகளை நேசித்த நண்பர் ஒருவர்கூட, ‘இது நல்லாத்தான் இருக்கு’ என்று முணுமுணுத்தார். அதற்குமேல் அவரிடம் வாங்க முடியாது.

ஃபிராங்க் சோவை யாரும் துரத்திவிடவில்லை. இந்தச் சண்டைக்கு அப்புறம் அதே டிசி அவரிடம் ஹார்லி க்வின் தொடரின் மாற்று அட்டைகளைக் கொடுத்தது. வரிசையாக வரைந்து தள்ளினார். அங்கே பெரிய சண்டை எதுவும் எழவில்லை. ஹார்லி கோமாளி, வாசகரைப் பார்த்துக் கண்ணடிப்பதும் நாக்கைத் துருத்துவதும் அவள் சுபாவம். தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து ஆட்டம் காட்டுவதுதான் அவள் பிழைப்பே. சோவின் கை அவளுக்கு அப்படியே பொருந்தியது. கொடுக்க வேண்டியவளைக் கொடுத்திருந்தால் 2016-லேயே பாதித் தலைவலி மிச்சமாகியிருக்கும்.

ஸ்பைடர்-வுமன் கதையையும் முடித்துவிடுகிறேன். உள்பக்கங்களை முதலில் வரைந்தவர் கிரெக் லேண்ட். புகைப்படங்களைப் பார்த்து ஒட்டி வரைகிறார், எல்லாப் பெண்ணுக்கும் ஒரே சிரிப்பு என்று ரசிகர்கள் அவரையும் வறுத்தெடுப்பது உண்டு. நாலு இதழோடு அவர் போனார், ஐந்திலிருந்து ஹாவியர் ரோட்ரிகெஸ் வந்தார். கிறிஸ் அங்கா வரைந்து கொடுத்த புதிய உடை: ஜாக்கெட், மஞ்சள் கண்ணாடி, மோட்டார் சைக்கிளில் ஏறி உட்காரத் தோதான கால்சட்டை. எழுத்தாளர் மாறவில்லை, டென்னிஸ் ஹோப்லெஸ்தான். படித்துப் பார்த்தால் ஆளே மாறின மாதிரி இருக்கும். 2015 நவம்பரில் திரும்பவும் முதல் இதழிலிருந்து ஆரம்பித்தபோது ஜெசிகா நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்குப் போன விண்வெளி மருத்துவமனையை வேற்றுக்கிரகவாசிகள் வந்து முற்றுகையிடுகிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டே சண்டைக்குப் போகிறாள். குனியும்போது ஒரு கை முதுகுக்குப் போகிறது, எழும்போது சுவரைப் பிடிக்கிறாள். ரோட்ரிகெஸ் யாரையோ பக்கத்திலிருந்து பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் புத்தகத்தை அக்கா மகள் எடுத்துப் போனாள். மூன்று நாள் கழித்துச் செய்தி வந்தது: “மாமா, புள்ள பெத்துக்கப் போன இடத்துல சண்டை போடுறா. அவங்க வீட்ல யாரும் கேக்க மாட்டாங்களா?”